வீடு வாங்க, விற்க: கம்போங் ராஜா மக்கள் கேட்கும் சட்டக் கேள்விகளும் பதில்களும்

கம்போங் ராஜா: சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வரும் சாலையில் கேமரன் மலையின் முதல் ஊர் கம்போங் ராஜா. இதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்ற பேச்சு பெரும்பாலும் வேலை ஓய்வு நெருங்கும்போதுதான் எழுகிறது. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60 ஆக இருக்கிறது. அந்த வயதில் பலர் கையில் இருப்பது இ.பி.எஃப். சேமிப்பு ஒன்றுதான். அதை முழுவதும் ஒரு வீட்டில் போட்டுவிட்டு, பிறகு வீடு தம் பெயரில் இல்லை என்று தெரிந்தால், மீண்டும் சம்பாதிக்க வயதும் இருக்காது.

ஆகவே எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் நிலம் யாருடையது என்பதை முடிவு செய்வது நில அலுவலகத்தின் பதிவேடு. பணம் கொடுத்த ரசீதோ, கையில் உள்ள சாவியோ, ஊரறிந்த பேச்சோ அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று தனித்தனியே பார்ப்பார்கள். இங்கே 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி உரிமையாளர் பெயர், அடமானம், கட்டுப்பாடு எல்லாம் ஒரே கிராண்டில் பதிவாகின்றன. ஆஸ்திரேலியாவில் தோன்றிய தோரன்ஸ் முறை இது. கிராண்டில் பெயர் ஏறினால்தான் வீடு கைக்கு வந்ததாகப் பொருள்.

லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். அது எங்களுக்குச் சொந்தமாகுமா?

ஆகாது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், குடியிருப்பை மட்டும் காட்டி அரசாங்க நிலத்திலோ பட்டா உள்ள தனியார் நிலத்திலோ உரிமை கோர முடியாது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மின்கட்டண பில், தண்ணீர் பில், வீட்டு எண் ஆகியவை ஒருவர் அங்கே வசிக்கிறார் என்பதற்கு மட்டுமே சான்று.

நிர்வாகம் விரும்பினாலும் தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு நினைத்தபடி விற்க முடியாது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்துக் கைமாற்ற, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த பிறகு வந்த விதி இது. ஆகவே "தோட்டத்து வீட்டை உன் பெயருக்கு எழுதித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும், அந்த வீட்டுக்குத் தனி கிராண்ட் பிரிக்கப்பட்டுவிட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் பணம் கொடுக்கக் கூடாது.

டி.ஓ.எல். நிலத்தில் உள்ள வீட்டை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

கேமரன் மலையில் அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். டி.ஓ.எல். என்று இன்றும் சொல்லப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அரசாங்க நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தத் தரும் அனுமதி மட்டுமே. மலாயில் இதை 'லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா' என்பார்கள். அந்தந்த ஆண்டு முடிவுக்குள் காலாவதியாகும். புதுப்பிப்பது மாநில அரசின் விருப்பம். முக்கியமாக, இந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அன்றோடு அது முடிந்துவிடும், பிள்ளைகளுக்கும் போகாது.

எனவே இப்படிப்பட்ட வீட்டை "விற்கிறேன்" என்று ஒருவர் எழுதித் தரும் தாள், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்தானதாக இருந்தாலும், நிலத்தைத் தராது. நாளை அரசாங்கம் நிலத்தை மீட்டுக்கொண்டால் வாங்கியவருக்கு எதிர்த்துப் பேச இடமில்லை.

விவசாய நிலத்தில் ஒரு துண்டு வாங்குவதும் இதே போன்ற ஆபத்துதான். விவசாய நிலத்தைப் பொதுவாக ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே பிரிக்க முடியாது. அதனால் ஓர் ஏக்கரைப் பத்துப் பேருக்கு விற்றால், பத்துப் பேரும் ஒரே கிராண்டில் கூட்டு உரிமையாளர்களாகத்தான் இருப்பார்கள். "இந்த மூலை உனக்கு" என்பது வாய்ப்பேச்சு. அதை வைத்து வங்கியில் வீட்டுக்கடன் வாங்குவது கடினம். மற்றவர்கள் ஒத்துழைக்காமல் விற்பதும் கடினம்.

நிலம் உண்மையில் விற்பவருடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நில அலுவலகத்தில் 'சாரியான்' எனப்படும் தேடல் செய்ய வேண்டும். சிறு கட்டணம் கட்டி யாரும் செய்யலாம். கேமரன் மலை மாவட்ட நில அலுவலகம் தானா ராத்தாவில் இருக்கிறது. கம்போங் ராஜா நிலங்கள் உலு தெலோம் முக்கிமைச் சேர்ந்தவை. விற்பவரிடம் கிராண்ட் நகல் கேட்டு, அதிலுள்ள எண்ணை வைத்துத் தேடலாம். விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்பக் கூடாது. அது பழையதாக இருக்கலாம்.

தேடல் முடிவில் ஆறு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

- உரிமையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையதுடன் பொருந்துகிறதா?
- நிலத்தின் வகை என்ன? கட்டட நிலமா, விவசாய நிலமா?
- நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? குறைந்த ஆண்டுகளே மிச்சம் என்றால் வங்கி கடன் தரத் தயங்கும்.
- 'செக்காத்தான் கெபெந்திங்கான்' என்ற கட்டுப்பாடு உள்ளதா? மாநில அரசின் அனுமதியின்றி பெயர் மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தால், அனுமதி வரும்வரை விற்பனை நிறைவேறாது.
- வங்கி அடமானம் இருக்கிறதா?
- 'கவியாட்' போடப்பட்டிருக்கிறதா? இது வேறொருவர் அந்த நிலத்தில் உரிமை கோருகிறார் என்பதற்கான எச்சரிக்கை. அது நீங்கும்வரை பெயர் மாற்ற முடியாது.

மலாய் ஒதுக்கீட்டு நிலத்தையும் பூர்வகுடியினருக்கான ஒதுக்கீட்டு நிலத்தையும் தமிழர்கள் வாங்க இயலாது. விலை மலிவு என்ற காரணத்தால் இன்னொருவர் பெயரில் வாங்கிவைத்தால், சட்டப்படி வீடு அந்த இன்னொருவருடையதுதான்.

நிலவரி நில அலுவலகத்துக்கும், மதிப்பீட்டு வரி கேமரன் மலை மாவட்ட மன்றத்துக்கும் கட்டப்படுகின்றன. இரண்டிலும் பாக்கி இல்லை என்ற ரசீதுகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பணம் எவ்வளவு? எப்போது கொடுப்பது?

ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது, விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை முதலில் கொடுப்பது வழக்கம். கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, மொத்தம் 10 விழுக்காடு ஆகுமாறு மீதியைக் கொடுப்பார்கள். எஞ்சிய 90 விழுக்காட்டுக்குப் பொதுவாக மூன்று மாதமும், வட்டியோடு இன்னொரு மாதமும் அவகாசம் தரப்படும். மாநில அரசின் அனுமதி தேவைப்படும் நிலமானால், அந்த மூன்று மாதம் அனுமதி கிடைத்த பிறகே தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

முதல் பணம் கொடுக்கும் முன்பே, "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பத் தரப்படும்" என்ற வரி தாளில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் முன்பணம் கைநழுவிப் போக வாய்ப்பு அதிகம். ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து, வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ செலுத்துவது நல்லது. வீட்டு முகவரின் அட்டையில் ஆர்.இ.என். அல்லது ஆர்.இ.ஏ. பதிவு எண் இருக்க வேண்டும். முகவர் கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு. அதைத் தருவது விற்பவர்.

வழக்கறிஞர் தேவையா? செலவு எவ்வளவு வரும்?

தேவை. அவர் வாங்குபவருக்காகப் பேசுபவராக இருக்க வேண்டும். புதிய வீடுகளில் மேம்பாட்டாளருக்காக வேலை செய்யும் வழக்கறிஞர், அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயல்படச் சட்டம் அனுமதிப்பதில்லை. "வழக்கறிஞர் கட்டணம் இலவசம்" என்று விளம்பரம் வந்தால், அந்த வழக்கறிஞர் யாருடைய ஆள் என்று கேட்பது தவறில்லை.

2023 ஜூலை 15 முதல் நடப்பிலுள்ள கட்டண ஆணைப்படி, விலையின் முதல் 500,000 வெள்ளிக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு. அதாவது 300,000 வெள்ளி வீட்டுக்கு 3,750 வெள்ளி. சேவை வரியும் சில்லறைச் செலவுகளும் இதற்கு மேல் வரும். வங்கிக் கடன் பத்திரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.

பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. 300,000 வெள்ளி வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 1,000-மும் 4,000-மும் சேர்ந்து 5,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்குக் கடன் தொகையில் 0.5 விழுக்காடு.

மலேசியக் குடிமக்கள் வாங்கும் முதல் வீடு 500,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால், இந்த இரண்டு முத்திரை வரிகளுக்கும் முழு விலக்கு உண்டு. 2025 இறுதியில் முடியவிருந்த இச்சலுகை, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

சம்பளச் சீட்டு இல்லை. கடன் கிடைக்குமா?

காய்கறித் தோட்டத்தில் நாள்கூலி வாங்குபவர், சந்தையில் சிறு கடை நடத்துபவர் போன்றோர் எஸ்.ஜே.கே.பி. எனப்படும் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் பற்றி வங்கியில் கேட்கலாம். நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்காக அரசாங்கம் வங்கிக்கு உத்தரவாதம் தரும் திட்டம் அது. வருமானத்தைக் காட்ட, ஆறு மாதமாவது வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு எடுத்து வந்தால் உதவும்.

இ.பி.எஃப். கணக்கில், 2024 மே மாதம் முதல் 'அக்காவுன் செஜாத்ரா' என்று பெயர் பெற்ற பகுதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். கையெழுத்தான கொள்முதல் ஒப்பந்தம் அதற்கு வேண்டும். டி.ஓ.எல். வீட்டுக்கு இப்படி ஒப்பந்தமும் இராது, கடனும் இராது. வங்கி கடன் தர மறுக்கும் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கத் துணிபவர், வங்கி ஏன் மறுத்தது என்பதையாவது கேட்டறிய வேண்டும்.

மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்கினால்?

1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வாங்குபவரைக் காக்கிறது. மேம்பாட்டாளரிடம் உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்க வேண்டும். இதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் 'தெடுஹ்' இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். ஒப்பந்தம் சட்டம் வகுத்த படிவத்தில்தான் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னதாகப் புக்கிங் பணம் வாங்குவது அந்த விதிகளுக்குப் புறம்பானது.

தரைவீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டப் படிவத்தின் காலக்கெடு. தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு தர வேண்டும். 300,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 82 வெள்ளி. சாவி கிடைத்த 24 மாதத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் சுவர் விரிசல், தடுப்புச் சுவர், கழிவுநீர் வாய்க்கால் மூன்றையும் மழைக்காலத்தில் பார்த்து, புகாரை எழுத்தில் தர வேண்டும்.

50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

விற்பவர் வரி கட்ட வேண்டுமா?

சொத்து இலாப வரி உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. உதாரணமாக, 150,000 வெள்ளிக்கு வாங்கிய வீட்டை நான்காம் ஆண்டில் 220,000 வெள்ளிக்கு விற்றால் இலாபம் 70,000. அதில் 10,000 வெள்ளி அல்லது இலாபத்தில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது கழியும். மிச்சம் 60,000-க்கு 12,000 வெள்ளி வரி. வாழ்நாளில் ஒருமுறை, தாம் குடியிருந்த வீட்டை விற்பவர் முழு விலக்குக் கோரலாம்.

வரி கட்ட வேண்டிய விற்பனையில், வாங்குபவர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். வரி இல்லாவிட்டாலும் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும்.

வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. விற்க முடியுமா?

வாரிசுகளில் ஒருவர் நில அலுவலகம் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ அதிகாரம் பெறும்வரை முடியாது. அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் செல்லாது.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டாவிட்டால் அது 'சிறு சொத்து'. முன்பு 2 மில்லியனாக இருந்த வரம்பு 2024 ஜூலை 15 முதல் உயர்த்தப்பட்டது. இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. மரணச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கிராண்ட் நகல் ஆகியவற்றோடு மனுச் செய்தால், வாரிசுகளை அழைத்து விசாரித்து ஆணை வழங்குவார்கள்.

இந்துக்களுக்கும் மற்ற முஸ்லிம் அல்லாதாருக்கும் 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களில் மனைவி தம் பங்கை நிலைநாட்டப் பெரும்பாடு பட நேரும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம்.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாற்றலாமா?

மாற்றலாம். பெற்றோர் அன்பளிப்பாகப் பிள்ளைக்குத் தரும் சொத்தில் முதல் 1 மில்லியன் வெள்ளி மதிப்புக்கு 2023 ஏப்ரல் 1 முதல் முத்திரை வரி விலக்கு உண்டு. பிள்ளை மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆனால் பெயர் மாறிய நாள் முதல் வீடு பிள்ளையுடையது. அவர் அடமானம் வைக்கலாம், விற்கலாம். அவருடைய கடனுக்கு வீடு ஏலம் போகலாம். அதோடு, ஏற்கெனவே ஒரு வீட்டை அன்பளிப்பாகவோ வாரிசாகவோ பெற்றவருக்கு முதல் வீட்டுச் சலுகை கிடைக்காது. முதிய பெற்றோர் உயில் எழுதி வைப்பது பல குடும்பங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பு.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் வீடு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் நிலச் சட்டத்தின் பார்வையில் நிரந்தரவாசியும் குடிமகன் அல்லாதவரே. மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்த பெயர் மாற்றம் செல்லாது. குடும்பத்தில் ஒருவருக்கு நீல அட்டை, ஒருவருக்குச் சிவப்பு அட்டை என்று இருந்தால், யார் பெயரில் வாங்குவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

போலிப் பத்திரத்தால் வீடு பறிபோகுமா?

பறிபோன வழக்குகள் உண்டு. குவாந்தானில் ஒருவருடைய நிலத்தை, அவர் பெயரில் போலியாகத் தயாரித்த பவர் பத்திரத்தை வைத்து வங்கியில் அடமானம் வைத்தார்கள். அந்த அடமானம் செல்லாது என்று 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, உண்மையான உரிமையாளருக்குச் சாதகமாகச் சட்டத்தை நேர்படுத்தியது. இருந்தாலும் போலிப் பத்திரத்தால் பெற்ற நிலம் விவரம் தெரியாத இன்னொருவருக்கு நியாய விலைக்கு விற்கப்பட்டுவிட்டால், அந்த இரண்டாம் வாங்குநரைச் சட்டம் காக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை தம் நிலத்துக்குத் தாமே தேடல் செய்து பார்ப்பது வீண் செலவல்ல.

பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிவைத்து வீடு வாங்கிவிட்டதாக நினைப்பதும் தவறு. சாதாரண பவர் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் இறந்தால் செயலிழந்துவிடும். முழுப் பணமும் கொடுத்து இன்னும் பெயர் மாறாமல் இருப்பவர்கள், வழக்கறிஞர் மூலம் உடனே கவியாட் பதிய வேண்டும். அது ஆறு ஆண்டு நிற்கும். அந்தக் காலத்துக்குள் பெயர் மாற்றத்தையோ வழக்கையோ முடித்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்

ஒரு வாரத்துக்கு மேற்படாத தேடல் முடிவு, விற்பவரின் அசல் அடையாள அட்டை, நிலவரி மற்றும் மதிப்பீட்டு வரி ரசீது, கட்டுப்பாடு இருந்தால் அனுமதிக் கடிதம் அல்லது அதற்கான மனு, தமக்கென்று ஒரு வழக்கறிஞர் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வழக்கறிஞர் தொழில் உரிமத்தோடு இருக்கிறாரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் தேடலாம். மலாய் அல்லது ஆங்கில ஒப்பந்தம் புரியாவிட்டால், படித்த பிள்ளையையோ நம்பிக்கையான ஒருவரையோ உடன் அழைத்துச் சென்று, வரிக்கு வரி தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று அவசரப்படுத்துபவரின் நிலத்துக்குத்தான் தேடல் மிகவும் அவசியம்.

பெயர் மாறிய பிறகு புதிய கிராண்டின் நகலை நில அலுவலகத்தில் கேட்டு வாங்கி, தம் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கடனில் வாங்கிய வீடானால் அசல் கிராண்ட் வங்கியிடம் இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அடமானத்தை நீக்கும் பதிவையும் செய்து முடித்தால்தான் கிராண்ட் வில்லங்கமில்லாமல் பிள்ளைகள் கைக்குப் போகும்.